பதினொரு மணிப் பசி: புதுவையில் பிரன்ச்சின் தோற்றம் குறித்து

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, ஊருக்கொரு கிளை திறந்திருக்கும் நாகரிகக் காலை உணவகங்களின் வாசலில் ஒரு கூட்டம் பெயர் கொடுத்துவிட்டு நிற்கும். டிபனிலும் சேராமல் சாப்பாட்டிலும் சேராமல் நடுவில் உண்ணப்படும் இந்தப் பிரன்ச், பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பழக்கம் என்பது பொதுக் கருத்து. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலப் பலகையில் தெருப்பெயர், தட்டில் குரோசான் என்று சான்றுகளும் அடுக்குவார்கள். ஒன்றுமே நிற்காது. பிரெஞ்சுக்காரர் காலையில் காபியோடு ரொட்டியும் ஜாமும் தின்று எழுந்துவிடுகிறவர். மதியச் சாப்பாட்டுக்குத்தான் சம்மணம் போடாத குறையாக உட்காருவார். அவர்கள் பெயரால் இந்த ஊரில் நிலைத்த உணவு வழக்கம் ஒன்று உண்டென்றால், மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தி நாலு மணிக்குத் திறப்பதுதான். பிரன்ச்சோ சுத்தமான ஆங்கிலேயச் சரக்கு. 1895இல் கை பெரிங்கர் என்பவர் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அதற்காக வாதாடிக் கட்டுரை எழுதினார். ஆங்கிலேயர் 1761, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் புதுச்சேரியைப் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் உடன்படிக்கைக்குப் பணிந்து திருப்பித் தர நேர்ந்தது. எந்த உடன்படிக்கைக்கும் கட்டுப்படாமல் அவர்கள் இங்கே நிலைத்திருப்பது இந்தப் பதினொரு மணித் தட்டில் மட்டுமே.

அப்படியானால் அது எந்த வழியாக வந்தது? கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக என்பதே இக்கட்டுரையின் துணிபு. பெரிங்கர் தம் கட்சிக்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது, சனிக்கிழமை இரவு குடித்துக் கொண்டாடியவர்கள் ஞாயிறு காலை சீக்கிரம் எழ வேண்டியதில்லை என்பது. இங்கிலாந்தில் இருந்துகொண்டு அவர் வர்ணித்தது பாண்டியைத்தான். தமிழ்நாட்டை விட இங்கே மதுவுக்கு வரி குறைவு; சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர், மூன்று மணி நேர ஓட்டம். சனிக்கிழமை வந்து இறங்குகிறவருக்கு ஞாயிறு விடிவதே ஒன்பதரைக்கு. விடுதியின் இலவசக் காலை உணவோ பத்து, பத்தரைக்கு மூடப்படும். பதினொன்று, பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், தங்க இடமில்லாமல், தலைவலியோடு தெருவில் நிற்கும் குடும்பத்துக்குத் தேவை உணவைவிட முதலில் ஏசி, பிறகு நாற்காலி, பிறகு கழிவறை. பான்கேக் அவற்றுக்கான வாடகை. விலைப்பட்டியலை இந்தக் கண்ணோடு படித்தால் அதன் நியாயம் விளங்கும்.

சங்கிலி உணவகமும் சாவகாசமாக உட்காருவதும்தானே இதில் புதுமை என்று கேட்கலாம். இரண்டும் நேரு வீதியில் முன்பே இருந்தவை. காபி வாரியம் தன் கடைகளை மூட முனைந்தபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு தொழிலாளர்கள் 1957 முதல் கூட்டுறவாக நடத்திவரும் இந்தியன் காபி ஹவுஸ், நாடு முழுவதும் கிளை பரப்பிய சங்கிலிதான். அங்கே ஒரு காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்பது யான் மார்ட்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ முன்னுரையைப் படித்தவர்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே மேசைக்கடியில் பெட்டி இருக்காது. பிரன்ச்சைப் பிரித்தறியும் அடையாளம் தட்டில் இல்லை, தரையில் இருக்கிறது: சக்கரப் பெட்டி, ஈரத் துண்டு திணித்த பை, கடற்கரையில் வாங்கிய தொப்பி.

இன்னொரு கட்சி தமிழ்ப் பெருமையின் கட்சி. எதைக் காட்டினாலும் நம்மிடம் முன்பே இருந்தது என்பவர்கள், பதினொரு மணிக்கு வயலுக்குப் போகும் கஞ்சிக் கலயத்தைக் காட்டுவார்கள். நேரம் பொருந்துகிறது, ஆள் பொருந்தவில்லை. கஞ்சி குடிக்கிறவர் விடியலிலிருந்து குனிந்து நிமிர்ந்தவர். பிரன்ச்சின் முதல் நிபந்தனையோ பதினொரு மணிவரை உருப்படியாக எதுவும் செய்யாதிருத்தல். இந்த ஒரு நிபந்தனையிலேயே நம் முன்னோர் அனைவரும் அடிபட்டுப் போகிறார்கள். ஜமீன்தார்கள் வேண்டுமானால் தேறலாம்.

கனமான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒயிட் டவுனின் எல்லையான பெரிய வாய்க்காலுக்கு மேற்கே குடியிருக்கும் உள்ளூர்க்காரர்களும் வரிசையில் நிற்கிறார்களே, அவர்களுக்கு ஏது விடுதி, ஏது பெட்டி? நிற்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் உண்பது பிரன்ச் ஆகாது. இரண்டு வேளையை ஒன்றாக்குவதே பெரிங்கரின் திட்டம். உள்ளூர்க்காரர் எட்டு மணிக்கு வீட்டில் இட்லி முடித்துவிட்டு வருகிறார். பதினொன்றுக்கு அவகாடோ டோஸ்ட்டைப் படமெடுத்துத் தின்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு காத்திருப்பதால் இரண்டு மணிக்கு வீட்டில் மறுபடி இலை போடப்படுகிறது. இரண்டு ஒன்றாகவில்லை, மூன்றாகியிருக்கிறது. மேற்படி உள்ளூர்க்காரர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் நமது துணிபுக்கு எந்தப் பழுதும் நேராது. டோஸ்ட்டின் விலை தெரிந்தால் வீட்டுப் பெரியவர்களும் அவர்களை நீக்கக்கூடும்.