கம்பிக்குள் பறவை, கம்பியில்லாத படம்

கேள்வி: பூங்காவில் பறவையைப் படம் எடுத்தால் கம்பி வலைதான் பளிச்சென்று விழுகிறது. செல்போனில் வலை தெரியாமல் எடுக்க வழி உண்டா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: வலையை மறைப்பது தூரம்தான். லென்ஸ் வலைக்கு மிக அருகிலும், பறவை வலையை விட்டு எட்டவும் இருந்தால் கம்பி மங்கிக் கரைந்துவிடும். செல்போனின் லென்ஸ் சிறியது. கண்ணி வழியாகவே உள்ளே பார்த்துவிடும். தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டிய கூண்டுகளில் 200 மி.மீ.க்குக் குறையாத லென்ஸும் அகலத் திறப்பும் கொண்ட கேமராவே கைகொடுக்கும். எதற்காகவும் தடுப்பைத் தாண்டக் கூடாது.

வெயில் பட்ட கம்பி படத்தையே வெளுக்க வைக்கும். வலை நிழலில் இருக்கும் பக்கமாக நிற்பதே பாதி வெற்றி. திரையில் பறவையின் கண்மீது விரலை அழுத்திப் பிடித்தால் குவியம் அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் போன் கம்பியைத்தான் பிடிக்கும். ஃபிளாஷ் வேண்டாம்: பறவைக்கு மிரட்சி, கம்பிக்கு வெளிச்சம்.

உங்கள் தர்மபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் இருப்பது முதலைகளுக்கான மறுவாழ்வு மையம். பறவைக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் உள்ள இடம், சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. வண்டலூரில் வலைக்கு உள்ளேயே நடந்து போகும் பறவைக்கூடம் உண்டு. அங்கே கம்பித் தொல்லையே இல்லை.

ஜோசியக்காரரின் பச்சைக்கிளி வேறு விஷயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். அந்தப் படம் போக வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம்.