கோணக்கால் குருவி

இருலே பேராண்டி, எங்க இம்புட்டு வெரசா ஓடுத? கால்ல என்னது, பச்சையும் மஞ்சளுமா மின்னுது? பூட்ஸா? எம்புட்டு? எட்டாயிரமா! அடப்பாவி, அந்தக் காசுக்கு ஒரு வெள்ளாட்ட வாங்கிக் கெட்டிருக்கலாமேலே. நெஞ்சுல அது என்ன, உங்க ஆச்சி ரவிக்க மாதிரி? எத்தன தூரம் ஓடினேன்னு அளக்குத மெஷினா? ஏம்லே, ஓடினவனுக்குத் தெரியாதா, ஓடினது?

சரி, உக்காரு. மைதானம் எந்திரிச்சி எங்கயும் போயிராது. அளவு எடுத்தே கெட்டவங்க கத ஒண்ணு சொல்லுதேன்.

பிரேசில்ல, ரியோவுக்குக் கொஞ்சம் தள்ளி பாவ் கிராண்டேன்னு ஒரு ஊரு. நெசவு மில்ல நம்பிப் பொழச்ச ஊரு. அங்க 1933-ல ஒரு பய பொறந்தான். பேரு மனோயல் பிரான்சிஸ்கோ டோஸ் சான்டோஸ். முழுசாக் கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள கஞ்சி ஆறிரும். அக்காக்காரி பாத்தா, 'கரிஞ்சா'ன்னு சுருக்கிட்டா. அந்த ஊர்ல அது ஒரு தம்மாத்துண்டு குருவிக்குப் பேரு.

அவன் கால நீ பாத்திருக்கணும். வலது காலு உள்ளுக்கு வளைஞ்சிருக்கும், இடது காலு வெளிய வளைஞ்சிருக்கும். இடது காலு 6 சென்டிமீட்டர் கட்ட வேற. காத்துக்கு ஒரே பக்கமாச் சாஞ்ச ரெட்டத் தென்ன மாதிரி நிப்பான். உன் கோச்சு பாத்திருந்தா, "தம்பி, செஸ் ஆடு"ன்னு சொல்லியிருப்பாரு, இல்லையா?

14 வயசுல மில்லு வேலைக்குப் போனான். போனானே தவிர, வேல செஞ்சானான்னு கேக்காத. மில்லு டீமுக்குப் பந்து ஆடுதான்னு பொறுத்துக்கிட்டாவ. 1953-ல போட்டாஃபோகோ கிளப்புல ஆடிக் காட்டப் போனான். அங்க நில்டன் சான்டோஸ்னு தடுத்து ஆடுத ஆளு ஒருத்தன். தேசத்துக்கே ஆடுனவன், சின்ன ஆளு இல்ல. பய அவன் ரெண்டு காலுக்கு நடுவால பந்த விட்டுட்டு, அந்தப் பக்கம் போயி எடுத்துக்கிட்டான். நீயா இருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப. அந்த மனுசன் என்ன செஞ்சான் தெரியுமா? இவன ஒடனே எடுங்க, எதிரி டீம்ல இருந்தா நமக்கு ஒறக்கம் வராதுன்னானாம். தோத்த எடத்துலயும் கணக்குப் போட்டான் பாரு, அவன் ஆளு.

அப்படி என்ன வித்த வச்சிருந்தான்? ஒண்ணே ஒண்ணுதாம்லே. இடப்பக்கம் போறாப்ல ஒடம்பச் சாய்ப்பான், வலப்பக்கம் பறந்துருவான். இன்னைக்கும் அதான், நாளைக்கும் அதான். எதுக்க நிக்கவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏமாறுவான். மாட்டுத் தரகன் துண்டுக்குள்ள வெரல் புடிக்கத நீ பாத்ததில்ல. வெரலு என்னமோ எல்லாருக்கும் அஞ்சுதான். ஆனாலும் வாங்க வந்தவன் தோத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

இப்பத்தான் உன் அளவுக்காரங்க வாராவ. 1958, சுவீடன்ல உலகக் கோப்பை. மனசு எப்படி இருக்குன்னு பாக்க ஒரு படிச்ச மனுசனப் பிரேசில்காரங்க கூட்டிட்டுப் போயிருந்தாவ. பேரு ஜோவோ கார்வல்யாயிஸ். காகிதத்தக் குடுத்து எழுது, வரைன்னாரு. 123 மார்க்குக்கு நம்ம குருவி எடுத்தது 38. இவன் ஆவாதுன்னுட்டாரு. 17 வயசுல இன்னொரு பய, பெலேன்னு பேரு. அவனுக்குச் சின்னப்புள்ளப் புத்தி, அவனும் வேண்டாம்னாரு. கோச்சு ஃபியோலா நல்லவேளையாக் காத மூடிக்கிட்டாரு.

மொத ரெண்டு ஆட்டம் ரெண்டு பேரும் வெளிய. மூணாவது ஆட்டம் சோவியத்காரனோட. அவனுவளும் விஞ்ஞானம், கணக்குன்னு பீத்திக்கிட்டு வந்தவனுவதான். கோல்ல நின்னது யாஷின். கரிஞ்சா அடிச்சது கம்பத்துல பட்டுது. பெலே அடிச்சதும் கம்பத்துல பட்டுது. மூணாவது நிமிசம் பிரேசில்காரன் வாவா உள்ள போட்டான். அம்புட்டுதான் விஞ்ஞானம். பைனல்ல சுவீடன் மொத கோல் போட்டுட்டான். குருவி வலப்பக்கமாப் போயி ரெண்டு தடவ பந்தத் தள்ளுச்சு, ரெண்டையும் வாவா கோலாக்குனான். முடிவு 5-2.

1962-ல உலகக் கோப்பை சிலி நாட்டுல. ரெண்டாவது ஆட்டத்துலயே பெலே காலு போச்சு. எல்லாரும் தலையில கைய வச்சாவ. குருவி இங்கிலாந்துக்கு ரெண்டு, சிலிக்கு ரெண்டுன்னு போட்டுக் கோப்பையக் கொண்டாந்துட்டான். இங்கிலாந்து ஆட்டத்துல ஒரு தெருநாயி உள்ள வந்துட்டு. கரிஞ்சா புடிக்கப் போனான், நழுவிட்டு. கிரீவ்ஸ்னு இங்கிலீஷ்காரன் நாலு கால்ல தவழ்ந்து போயிப் புடிச்சான். நாயி நன்றியுள்ளதுல்லா, அவன் சட்டையிலயே ஒண்ணுக்கு இருந்துட்டு. ஊரையே ஏமாத்துன கரிஞ்சாவ ஏமாத்துனது அது ஒண்ணுதான். அதுக்கு அந்த டெஸ்ட்ட வச்சிருந்தா 123-ம் எடுத்திருக்குமோ என்னமோ.

ஏன் இளிக்க? அப்ப டெஸ்ட்டெல்லாம் வேண்டாம், தாத்தாவே சொல்லிட்டாருன்னு கெளம்பிராத. அந்தப் பயலுக்குக் கூறுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. வெத்துத் தாளுல கையெழுத்துப் போட்டுக் குடுப்பானாம், தொகைய கிளப்பே எழுதிக்கும். மொழங்கால் வீங்கிக் கெடந்துது, ஊசியப் போட்டு எறக்கிவிட்டாவ. கூட்டம் வேணும்லா? அவன் அப்பன் குடிகாரன், இவனும் வெவரம் தெரியாத வயசுலயே சாராயத்துல நாக்க நனச்சவன். எல்சா சோவாரிஸ்னு பேருபோன பாட்டுக்காரி, இவனக் கெட்டிக்கிட்டு மீட்டெடுக்க என்ன பாடெல்லாமோ பட்டா. ஒண்ணும் நடக்கல. 1966-ல லிவர்பூல்ல ஹங்கேரியோட தோத்தது, நாட்டுக்காக அவன் ஆடுன 50-வது ஆட்டம். அவன் ஆடி பிரேசில் தோத்தது அது ஒண்ணுதான். கடைசியும் அதான்.

மனச அளந்தாவ, கால அளந்தாவ. பாட்டில எவனாவது அளந்தானா?

1983 ஜனவரில ஈரலு கெட்டுப் போயிச் சேந்தான். வயசு 49. மரக்கானா மைதானத்துல கெடத்தி, தீயணைப்பு வண்டியில வச்சு, பொறந்த பாவ் கிராண்டேக்கே கொண்டு போனாவ. வழி நெடுவ சனம். பிரேசிலியாவுல பெரிய மைதானத்துக்கு அவன் பேரையே வச்சிருக்காவ. இருக்கும்போது கையில காசில்ல, போன பொறவு மைதானமே அவன் பேருல.

சரி, நேரமாயிட்டு, போ. பூட்ஸ நீயே வச்சுக்க. அந்த நெஞ்சு மெஷின மட்டும் கழத்தித் தாத்தாட்ட குடுத்துட்டுப் போ. நம்ம கெடா ராத்திரியானா எவன் தோட்டத்துக்குப் போயிட்டு வருதுன்னு பாக்கணும்.