தடையின்மையை மறுக்காமை: ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு 'இல்லை' வரக் கூடாது என்று டெல்லிப் பள்ளிகளில் சிவப்பு மையால் சுழித்துச் சொல்லித்தருகிறார்கள். வந்தால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு 'உண்டு' ஆகிவிடுமாம். நம் உரையாசிரியர்களுக்கு இது பழைய செய்தி. ஆங்கிலேயரிலோ சாசரும் ஷேக்ஸ்பியரும் எதிர்மறையைத் தாராளமாக அடுக்கியவர்கள். அழுத்தம் கூடியதே தவிர, பொருள் கவிழவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பாதிரியார் ராபர்ட் லௌத் போன்றோர்தாம் இலக்கணத்துக்குள் கணக்குப் பாடத்தைப் புகுத்தினார்கள்.

அந்தக் கணக்கை இன்றளவும் பிசகாமல் போட்டுவருவது டெல்லியின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே என்பது இவ்வாய்வின் துணிபு.

10 ஆண்டு கடந்த டீசல் வண்டி தலைநகரில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு வரம்பு விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் இதை உறுதிசெய்தது. அதுமுதல், பழைய காரை வேறு மாநிலத்துக்கு விற்க நினைக்கும் மயூர் விஹார்வாசியின் வாயில் சதா 'என்.ஓ.சி.', அதாவது தடையின்மைச் சான்று.

'தடை' ஓர் எதிர்மறை, 'இன்மை' இன்னொன்று. 'சரி, போ' என்று சொல்லத்தான் இத்தனையும். காரணம் உண்டு. 'சரி' என்று எழுதிய அதிகாரி நாளைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். 'தடை இல்லை' என்று எழுதியவருக்கு அந்தத் தொல்லை இல்லாமல் இல்லை என்று சொல்ல முடியாது. (எண்ணிப் பார்க்க: மூன்று.)

இக்கலையின் சிகரம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. காரணத்தை எழுத்தில் பதியாமல் தடையின்மைச் சான்றை மறுக்கக் கூடாது என்கிறது அது. பதியாமை, தடை, இன்மை, மறுப்பு, கூடாமை: ஐந்து. அதே பிரிவு, 30 நாளுக்குள் தடையின்மையை மறுக்கவில்லையென்றால் சான்று கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்றும் சொல்கிறது. தடை, இன்மை, மறுப்பு, இல்லை: நான்கு. ஆக, எதிர்மறை இரட்டைப்படையானால் வண்டி நகரும். ஒற்றைப்படையானால் அதிகாரி பேனாவை எடுப்பார். லௌத் பார்த்திருந்தால் பூரித்திருப்பார்.

சான்றுக்கு முன் நிரூபிக்க வேண்டிய 'வரி பாக்கி இல்லை' என்பதில் ஓர் எதிர்மறைதானே என்று மறுப்போர் உண்டு. பாக்கி என்பதே கட்டாமைதான். அவர்கள் வாதம் அங்கேயே விழுகிறது.

இரட்டை எதிர்மறையைத் தவிர்க்க நினைக்கும் மாணவர்கள் தேர்வுத்தாளில் தவிர்க்கட்டும். கார் விற்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. தடையின்மைச் சான்று கோரும் 28ஆம் எண் படிவத்தைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வராதீர்கள். 30 நாள் கணக்குக்கு அது ஒன்றுதான் சாட்சி.