ஓட்டைத் தகரமும் ஒண்ணே அரைக்காலும்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வாசல் திண்ணை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் வடிந்து பத்து நாள். பாப்பா வீட்டிலேயே கேக் சுட்டு விற்பவள். எதிர்வீட்டு மாமா, துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் முப்பது வருஷம் பில் ஆஃப் என்ட்ரி நிரப்பி ஓய்ந்தவர். ஓய்ந்தது கைதான், வாய் அல்ல.

பாப்பா: மாமா, பார்சல் வந்துடுச்சு! அமெரிக்கா பண்ட் டின். பாருங்க, சுத்தியும் வரிவரியா டிசைன், நடுவுல ஓட்டை.

மாமா: ஓட்டைக்கும் சேத்துத் துட்டு வாங்கிக்கினானா?

பாப்பா: போங்க மாமா. வெறும் 30 டாலர். டாலர் 83ன்னு வெச்சா 2,490 ரூபாய்தான்.

மாமா: அந்த ‘தான்’ கீது பாரு, அத்த வெச்சுத்தான் எங்க ஆபீஸ்ல முப்பது வருசம் சோறு துன்னோம். டெலிவரி பையன் ஒரு சீட்டு குடுத்தானே, அத்தக் கொண்டா. கண்ணாடி எங்க... ஆங். ஏத்துக்கூலி 40 டாலரா? டின்னு ஒண்ணேகால் கிலோகூட தேறாதே!

பாப்பா: அதான் எனக்கும் புரியல.

மாமா: பொட்டிய அளந்துருக்கான். நீளம், அகலம், உசரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000ஆல வகுப்பான். 30, 30, 20. மூணு கிலோ அறநூறு கிராம். ஒண்ணேகால் கிலோ தகரம், மிச்சம் காத்து. கடல்காத்து இங்க சும்மா அடிக்குது, நீ 3,320 ரூபா குடுத்து அமெரிக்கா காத்து எறக்கிக்கினே.

பாப்பா: சரி, அது போகட்டும். கீழ இன்னும் எதோ எழுதியிருக்கே?

மாமா: இதான் என் ஏரியா. டின்னு 2,490. ஏரோப்ளேன்ல வந்தா எவ்ளோ கூலி குடுத்திருந்தாலும் பொருள் வெலையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சேக்க மாட்டாங்கோ. அது 498. இன்சூரன்சு நூத்துக்கு ஒண்ணே அரைக்கால், 28. ஆகமொத்தம் 3,016. இதும்மேல சுங்கவரி 35 பர்சென்ட். அந்த வரிக்கு மேல பத்துல ஒரு பங்கு, சமூக நல சர்சார்ஜ். அல்லாத்தையும் கூட்டி அதும்மேல ஐ.ஜி.எஸ்.டி. 28.

பாப்பா: வரிக்கே வரியா?

மாமா: இட்லிக்கு மேல பொடி, பொடிக்கு மேல எண்ணெ. மொத்தம் 77.28 பர்சென்ட். சீட்டுல 2,331 ரூபா.

பாப்பா: அக்கிரமம்! ஹார்பர் நமக்குக் கூப்பிடு தூரம். இவ்ளோ பக்கத்துல இருந்துமா?

மாமா: உன் தகரம் ஹார்பரையே பாக்கலியே! மீனம்பாக்கத்துல எறங்கி வந்துச்சு. கப்பல்ல வந்தா மட்டும் இன்னா? சீரோ கேட்ல கன்டெய்னர் லாரி நிக்கறத நீ பாத்ததில்ல? 1983ல இந்திராகாந்தி வந்து கன்டெய்னர் டெர்மினல் தெறந்தாங்கோ, அப்பலேர்ந்து நான் பாக்கறேன். ஆயிரம் டின்னு ஒரு பொட்டியில வந்தா காகிதச் செலவு ஆயிரம் தலையில பிரியும். ஒத்த டின்னு வந்தா, அது தலையிலயே எறங்கும். இதோ, கொரியர்காரன் கிளியரன்சு 700, அதுக்கு ஜி.எஸ்.டி. 126.

பாப்பா: கிஃப்ட்டுன்னு எழுதச் சொல்லியிருக்கலாமோ?

மாமா: அந்தக் கதவ 2019 டிசம்பர்லயே சாத்திட்டாங்கோ. அதுக்கு முன்ன 5,000 ரூபா வரைக்கும் கிஃப்ட்டுக்கு வரி இல்ல. சீனாக்காரன் செருப்பு, சட்டை, போன் கவர் அல்லாத்தையும் கிஃப்ட்டுன்னு அனுப்பிச்சான். இப்ப வரி இல்லாம வர்றது ராக்கி கயிறும் உயிர்காக்குற மருந்தும்தான். உன் தகரம் ரெண்டுலயும் சேராது.

பாப்பா: அப்போ வழியே இல்லையா?

மாமா: இருந்துச்சே! உங்க அண்ணி பொங்கலுக்கு சிங்கப்பூர்லேர்ந்து வருதுல்ல? அத்த வாங்கியாரச் சொல்லி பொட்டியில துணியோட சுருட்டி எடுத்தாந்தா 50,000 ரூபா வரைக்கும் வரி கெடையாது. அதே தகரம்! ஆளோட வந்தா லக்கேஜு, தனியா வந்தா சரக்கு. பர்மா பஜார்ல குருவிங்க கொண்டாந்த டேப்ரிகார்டர் வாங்கின ஊரும்மா இது. பெரிய படிப்பு படிச்ச உனக்கு இது தோணல.

பாப்பா: பொங்கல் வரைக்கும் காத்திருந்தா ராயபுரம் கிறிஸ்துமஸ் ஆர்டரெல்லாம் போயிடுமே! அடுத்து வனிலா எக்ஸ்ட்ராக்ட் வேற ஆர்டர் பண்ணணும்.

மாமா: அதுல நூத்துக்கு 35 பங்கு சாராயம் கீது, தெரியுமா? தீப்புடிக்கிற தண்ணின்னு கொரியர்காரன் தொடவே யோசிப்பான். வனிலா பொள்ளாச்சியிலயே வெளையுது, நீ பாட்டுக்குக் கடலத் தாண்டுறியே.

பாப்பா: பேங்க்ல வேற 240 ரூபாய் பிடிச்சிருக்கான் மாமா.

மாமா: வெளிநாட்டுத் துட்டுக்கு மூணரை பர்சென்ட், அதுக்கும் ஜி.எஸ்.டி. ஆக 5,810, 240, 2,331, 826. கூட்டு.

பாப்பா: 9,207.

மாமா: ஈவினிங் பஜார்ல அலுமினியத்தக் கிலோ கணக்குல தர்றான். சரி வுடு. ஒரு கேக்குக்கு இன்னா நிக்கும்?

பாப்பா: 150 ரூபாய். 62 கேக் வித்தா டின் காசு வந்துடும். அதுக்கப்புறம் லாபந்தான்!

மாமா: மறுபடியும் ‘தான்’. உன் அவன் இன்னா சைசு?

பாப்பா: எந்த அவன்?

மாமா: கேக்கு வேகுற அவன்! டேப்பக் கொண்டா. உள்ள 25 சென்டி. டின்னு, கைப்பிடியோட... 27.

(திண்ணையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. தெருமுனையில் பால்காரர் மணி.)

பாப்பா: கைப்பிடிய வெட்டிடலாமா?

மாமா: 9,207 ரூபாய்க்கு வாங்கினத ஆக்ஸா பிளேடுல அறுக்குறியா? முனை பேக்கரிக்குப் போ. இந்தப் பக்கம் அந்தக் காலத்துல கிறிஸ்துமஸ் கேக்கு மாவ வூட்ல கலக்கி, அங்க குடுத்துத்தான் சுட்டு வாங்குவாங்கோ.

பாப்பா: எவ்ளோ கேப்பாங்க?

மாமா: டின்னுக்கு 50. பழக்கத்துக்காக நான் சொல்லி வெக்கறேன்.

பாப்பா: அப்போ கேக்குக்கு 100தான் நிக்கும். 92 கேக் விக்கணும்.

மாமா: 92 வித்தாலும் ஏழு ரூபா பாக்கி.