வாங்கியும் வாசிக்காத கடிதம்

கேள்வி: சொந்தமாக மெயில் சர்வர் வைத்தோம். பேண்டேஜ் துணி விலைப்பட்டியல், பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரரின் ஜிமெயிலில் ஸ்பேமுக்குள் விழுகிறதே?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: பஸ்ஸில் ஆளனுப்பியிருந்தால் ஆர்டரோடு பால்கோவாவும் வந்திருக்கும்! சர்வரின் லாகில் ஜிமெயில் தந்த பதில் எண்ணைப் பாருங்கள். 5-இல் தொடங்கும் எண் என்றால் வாசலிலேயே மறுப்பு. 4 என்றால் 'அப்புறம் வா'. உங்களுக்கு 250 வந்திருக்கும்: வாங்கிக்கொண்டார்கள், எங்கே போடுவது என்பது அவர்கள் இஷ்டம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் அனைவருக்கும், கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கட்டாயம். இரண்டையும் வையுங்கள், அவை தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் மறப்பது, ஐபி எண்ணைப் பெயரோடு பொருத்தும் பிடிஆர் பதிவு. அதை டொமைன் விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை. ஐபி கொடுத்தவரிடம் கேளுங்கள். அதுவரை கடைக்காரரிடம் 'ஸ்பேம் அல்ல' பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.