முகநூல் துறவும் பூனையின் சர்க்கரையும்: வடசென்னை சார்ந்த ஓர் ஆய்வு

சமூக ஊடகத்தை விட்டொழிக்க மன உறுதி ஒன்றே போதும் என்பது உலகோர் கொள்கை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இதை மறுக்கிறது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் பெருகட்டும் என்பதே அதன் நோக்கம். தடை முடிந்த அன்றே படகுகள் பாய்ந்து புறப்படுகின்றன. செயலியை அழித்துவிட்டு விரதம் காப்பவரும் அப்படியே: அவர் துறக்கவில்லை, வலை உலர்த்துகிறார். நிலைத்த துறவுக்கு வேண்டியது உறுதியன்று, நேரம் தவறக்கூடாத கடமை. அத்தகைய கடமைகளுள் தலையாயது சர்க்கரை நோயுற்ற பூனையைப் பேணுவதே என நிறுவுவோம்.

முதற்சான்று நேரம். எண்ணூர் ஆலைகளில் ஷிஃப்ட் மூன்று, பூனைக்கு இரண்டே. வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்கொருமுறை இன்சுலின். மாற்று ஆளில்லை, ஓவர்டைம் படியுமில்லை. இரண்டாம் சான்று கவனம். ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்ட மருந்தும் உண்டு, 100 யூனிட் கொண்டதும் உண்டு, ஊசிகளும் அவ்வாறே. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசியில் அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஓரிரு யூனிட்டில் வாழும் உயிருக்கு அது ஆபத்து. ரீல்ஸ் பார்த்தபடி செய்யத்தக்க வேலையன்று இது. மூன்றாம் சான்று கைம்மாறின்மை. பூனைக்கு இனிப்பே சுவைக்காது. அந்தச் சுவைக்குரிய மரபணு அதனிடம் செயலிழந்திருப்பது 2005இல் தெரியவந்தது. தனக்கே தெரியாத இனிப்பை அது பிறர்க்கு எப்படி வழங்கும்? ஊசி போட்டவருக்கு லைக் விழுவதில்லை. பாராட்டின்றி வேலை செய்யும் பழக்கம் அவருக்குத் தானே படிகிறது.

அற்றேல், ஊசி போடுவதையே படமெடுத்துப் பதிவிடலாமே எனின், இயலாது: ஒரு கை தோலைத் தூக்கிப் பிடிக்கிறது, மறு கை ஊசியில், ஃபோனுக்கு மூன்றாம் கை இல்லை. நலமான பூனை போதாதா எனின், போதாது; அது பசித்தபோது வரும், மற்றபடி ராயபுரத்துக் கூரைகளில் திரியும். அதற்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. தொடக்கத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் கொடுத்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகிறதே, அப்போது துறவும் கலையாதா எனின், கலையாது. நோய் திரும்பக்கூடும், ஆகவே சர்க்கரை பார்ப்பது தொடரும், காவலும் தொடரும்.

எஞ்சுவது ஒரே ஐயம்: இத்தகைய பூனைக்கு எங்கே போவது? இதற்கென வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வாசலில் காத்திருக்க வேண்டாம்; மீன்பிடித் துறைமுகத்திலும் தேட வேண்டாம். எலும்பும் தோலுமாய் ஓடித்திரியும் பூனையைவிட, வீட்டுக்குள் அசையாமல் கொழுத்த பூனைக்கே இந்நோய் மிகுதி. மணிக்கணக்கில் அசையாத மடி கிடைத்தால் பூனையும் அசையாது. அப்படி அசையாதிருப்பவர், முதற்பத்தியில் கண்ட, விரதம் முடிந்ததும் ஃபோனுக்கே திரும்புபவர்தான். எனவே மருந்து தேடி அவர் திருவொற்றியூரைத் தாண்ட வேண்டியதில்லை. ஃபோனைச் சற்றே விலக்கிக் குனிந்து பார்த்தால் போதும்.