குறைத்துத் தரப்படும்

ஊருக்கு ஒரு வைத்தியர், ஒரு ஜோசியர், ஒரு எலெக்ட்ரீஷியன் இருப்பது வழக்கம். சூரியநெல்லியில் கூடுதலாக மெமரி கார்டு ஏற்றித் தருகிற ஆள் ஒருவர் உண்டு. அது நான்தான். இந்தப் பதவிக்கு நான் மனுப் போட்டதில்லை. ராஜினாமா கடிதத்தை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை.

எல்லாம் கொழுக்குமலை ஜீப்காரர்களால் வந்தது. கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஜீப் ஏறுகிற பாதையோ கேரளத்தில், எங்கள் ஊர் வழியாக. ஆகவே சூரியோதயம் தமிழ்நாட்டுக்கு, ஜீப் வாடகை எங்களுக்கு. விடியுமுன்னே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு, எலும்பெல்லாம் இடம் மாறும்படி குலுக்கி மேலே கொண்டுபோய் இறக்கியதும் டிரைவர்களுக்கு வேலை இல்லை. வந்தவர்கள் சூரியனைப் படம் எடுத்து, சூரியனோடு தங்களை எடுத்து, சூரியனை உள்ளங்கையில் ஏந்தியபடி எடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தைப் போக்க ஒரு தம்பி ஆன்லைனில் ஒரு கையடக்க கேம் கருவி வாங்கினான். சீனத் தயாரிப்பு, மூன்றரை அங்குலத் திரை, பெயர் ஆர் 36 எஸ். பழைய டிவி கேம் முதல் பிளேஸ்டேஷன் வரை அதில் ஓடும். ஸ்டாண்டில் ஒருவன் வாங்கிவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

கருவி நல்லதுதான். அதோடு வருகிற கார்டுதான் வினை. பெயரும் ஊரும் இல்லாத கார்டு. எப்போது கண்ணை மூடும் என்று சொல்ல முடியாது. இந்தக் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் சொல்கிற முதல் யோசனையே, பெட்டியில் வந்த கார்டை நம்பாதே, நல்ல கார்டு ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்று என்பதுதான். மாற்றத் தெரிந்தவன் யார்? போடியில் மொபைல் கடையில் வேலை பார்த்தவனாயிற்றே நான்!

அந்தக் காலத்தை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்கவே முடியாது. கடைக்கு வருகிறவர் போனைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, நகக்கண் அளவு கார்டை எடுத்து நீட்டி, "நல்ல பாட்டா ஏத்திக் குடு தம்பி" என்பார். நல்ல பாட்டு எது என்று ஆளைப் பார்த்தே நாங்கள் முடிவு செய்தாக வேண்டும். இளையராஜா, அம்மன் பாட்டு, சோகம், குத்து என்று ஃபோல்டர்கள் தயாராக இருக்கும். 2 ஜிபி கார்டில் சுமார் 500 பாட்டு. கல்யாணமான புதிதில் வந்தவருக்குச் சோகப் பாட்டை ஏற்றிவிட்டு, மறுநாள் அவர் திரும்பி வந்து நன்றி சொன்னதும் உண்டு. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது, டேட்டா மலிவானது, கொஞ்ச காலத்தில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. கார்டு ரீடரைப் பரணில் போட்டேன். இப்போது அது இறங்கி வந்திருக்கிறது.

கேம் கார்டு பாட்டுக் கார்டைவிடப் பிடிவாதம் அதிகம். முதலில் அது உண்மையான கார்டா என்று பார்க்க வேண்டும். சந்தையில் 128 ஜிபி என்று சத்தியம் செய்கிற கார்டுகளில் சில, உள்ளே வெறும் 8 ஜிபி. கார்டுக்குள் இருக்கிற குட்டிக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டர் கேட்டால் 128 என்று கூசாமல் சொல்லும். 8 ஜிபி தாண்டி எழுதுவதையும் வாங்கிக்கொள்ளும். திருப்பிக் கேட்டால்தான் கையை விரிக்கும். எஃப்3 என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. கார்டு முழுக்க எதையாவது எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, குட்டை உடைத்துவிடும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதுவரை கார்டின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரி வராந்தா முகத்தோடு என் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

நல்ல கார்டு என்று தெரிந்தாலும் சண்டை ஓயாது. பெட்டியில் 64 ஜிபி என்று இருக்கும், விண்டோஸ் 59.6 என்று காட்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மிச்சம் நாலரையை நான் எடுத்துக்கொண்டதாக இன்றுவரை நம்புகிற டிரைவர் ஒருவர் இருக்கிறார். என் வீட்டு ஜீப் சவாரிக்கு அவர் தள்ளுபடி தருவதில்லை.

அடுத்தது ஃபார்மேட். சில கருவிகள் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டைத்தான் தொடும். விண்டோஸின் ஃபார்மேட் பெட்டியோ 32 ஜிபிக்கு மேல் அந்த முறையில் செய்துதர மறுக்கும். 1990களில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த டேவ் பிளம்மர் என்ற பொறியாளர் அந்த வரம்பைத் தானே வைத்ததாகவும், அப்போதைக்கு ஒரு தற்காலிக ஏற்பாடாகவே அதைச் செய்ததாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2024இல்தான் அதையும் கட்டளை வரி வழியாக மட்டும் தளர்த்த ஆரம்பித்தார்கள். தற்காலிகப் பாலம், தற்காலிகப் பஸ் ஸ்டாண்டு எல்லாம் நம் நாட்டுச் சிறப்பு என்று எண்ணியிருந்தேன். மைக்ரோசாஃப்ட் இருக்கிற சியாட்டில் பக்கத்திலும் நம்மவர்கள்தான் இருக்கிறார்கள் போலும்.

இந்தக் கருவிகளின் உள்ளே ஓடுவது லினக்ஸ். அதன் பாகங்கள் விண்டோஸுக்குப் புரியாது. கார்டைச் செருகியதும், "இந்த டிஸ்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்கும். வேண்டாம் என்றால் இன்னொரு பெட்டி வந்து அதையே கேட்கும். என் மச்சினன் மகன் மரியாதை தெரிந்த பையன். பெரியவர்கள் கேட்டால் மறுத்துப் பேச மாட்டான். "ஓகே குடுத்துட்டேன் மாமா" என்றான். அன்று முதல் அவன் மவுஸைத் தொடுவதாக இருந்தால் வீட்டில் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பிறகு காப்பி. ஒரு முழு சினிமா விறுவிறுவென்று ஏறிவிடும்; அதே அளவுக்குச் சின்னச் சின்ன விளையாட்டுகள் என்றால் ஏறாது. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், இடம், அளவு என்று கார்டின் பதிவேட்டில் தனித்தனியாக எழுதியாக வேண்டும். திரையில் "2 நிமிடம் பாக்கி" என்று வரும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் "3 மணி நேரம்". அந்த மூன்று மணி நேரத்தில் கரண்ட் போகும். எங்கள் ஊரில் கரண்ட் போகக் காரணம் மூன்று: காற்று, மழை, யானை. முதல் இரண்டுக்கும் வானிலை அறிக்கை உண்டு.

யானை என்றதும் அரிக்கொம்பன் நினைவுக்கு வருகிறான். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பேர் வாங்கியவன். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மே 27 அன்று அவன் கம்பம் நகரத் தெருவில் நின்றான். ஜூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் அனுப்பியது. கட் செய்து பேஸ்ட் செய்ய இரண்டு அரசாங்கங்களுக்கே இரண்டு தடவை ஆகிறது. எனக்கு மட்டும் ஒரே தடவையில் ஆகிவிட வேண்டுமாம்.

இத்தனையும் தாண்டி கார்டு தயாரானால், அதில் பத்தாயிரம் விளையாட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த விளையாட்டுகளை எழுதிய எவருக்கும் பத்துப் பைசா போயிருக்காது என்பது ஒருபுறம். முறையாகச் செய்வதென்றால் நாம் காசு கொடுத்து வாங்கியதையும், ஆர்வலர்கள் இலவசமாக எழுதி வெளியிடுகிறவற்றையும்தான் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் கார்டு காலியாகக் கிடக்கும், கௌரவக் குறைச்சல். பத்தாயிரமும் உண்மையில் பத்தாயிரமா என்றால் அதுவும் இல்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது டிவி கேம் கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று அச்சடித்திருக்கும். உள்ளே சில விளையாட்டுகள்தான். மற்றதெல்லாம் அவையே வேறு பெயரில், வேறு ஸ்டேஜில் தொடங்குபவை. இந்தக் கார்டிலும் ஒரே மாரியோ ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, எவனோ தொப்பி நிறத்தை மாற்றியது ஒன்று என்று வரிசையாக நிற்கிறார்.

ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு விளையாட்டும் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் என் பெரியப்பா தினமும் அனுப்புகிற ரோஜாப்பூ காலை வணக்கத்துக்குள் மாரியோ குடும்பத்தோடு குடியிருக்கலாம். 64 ஜிபி கார்டில் அந்த அளவு விளையாட்டுகள் 15,62,500 அடங்கும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று, தூங்காமல் கொள்ளாமல் ஆடினாலும் ஏறக்குறைய மூன்று வருடம். அதற்குள் கொழுக்குமலையில் ஆயிரம் தடவைக்கு மேல் சூரியன் உதித்துவிடும். கீழே இறங்க வேண்டிய சவாரி மேலேயே குடியேறி ரேஷன் கார்டு வாங்கியிருக்கும்.

1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனுக்கு மெமரி கார்டு 128 கிலோபைட்தான், 15 கட்டம். புதிதாக ஓர் ஆட்டத்தைச் சேமிக்க இடமில்லை என்றால் பழையது ஒன்றை அழித்தாக வேண்டும். யாருடையதை அழிப்பது என்று வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பஞ்சாயத்து நடக்கும். அந்தப் பஞ்சாயத்தால் ஒரு நன்மை: எது தனக்கு முக்கியம் என்று ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் ஜீப்காரத் தம்பிக்கு அந்தக் கவலையே இல்லை. மலை மேல் கருவியைத் திறக்கிறான். பட்டியலைக் கீழே தள்ளுகிறான். ஒன்றைத் திறந்து, பிடிக்காமல் மூடுகிறான். இன்னும் தள்ளுகிறான். "ஏ" எழுத்து முடிவதற்குள் சுற்றுலாக்காரர்கள் திரும்பிவிடுகிறார்கள். "பத்தாயிரம் இருந்தும் ஒண்ணும் ஆட முடியலண்ணே, இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாக்கலாமா?" என்று கேட்டான்.

சித்தி அப்போது திண்ணையில் இருந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ரிட்டையர் ஆனவள். "ரெண்டு எலையும் ஒரு மொட்டும் எடுத்தாத்தாண்டா கொழுந்து. முத்தலையும் சேத்துப் பறிச்சா சாக்கும் நெறையும், கங்காணி வாயும் நெறையும்" என்றாள். கங்காணி வாய் எதனால் நிறையும் என்பதையும் இரண்டு உதாரணங்களோடு விளக்கினாள். அவற்றை அச்சில் தர இயலாது.

அதற்குப் பிறகு தொழிலை மாற்றிக்கொண்டேன். யார் கார்டு கொண்டுவந்தாலும் முதலில் சேவ் கோப்புகளைத் தனியே எடுத்து வைக்கிறேன்; ஆள் உழைத்தது அது ஒன்றுதான். பிறகு உட்காரவைத்து விசாரணை. இதை எப்போது கடைசியாக ஆடினாய்? இந்த ஜப்பான் மொழிச் சீட்டாட்டம் உனக்கு எதற்கு? இந்த நாலு மாரியோவில் உன் மாரியோ யார்? நல்ல காரணம் சொன்னால் விளையாட்டு தங்கும், இல்லாவிட்டால் போகும். ஒரு கார்டுக்கு 25தான் மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. முதல் நூறை விடும்போது ஆட்கள் சிரிக்கிறார்கள். ஐந்நூறில் கோபம் வருகிறது. கடைசி முப்பதுக்கு வரும்போது வக்கீல் வைக்காத குறை.

இதனால் கட்டணமும் மாறியிருக்கிறது. கார்டை நிறைத்துத் தர ஒரு சாயா. குறைத்துத் தர சாயாவும் பழம்பொரியும், வேலை அதிகம். போன வாரம் சேட்டன் ஒருவர் புதுக் கார்டோடு வந்து, அநியாயக் கட்டணம் என்று சாயாக்கடையிலேயே வழக்குப் பேசினார். காலி செய்வதற்குக் கூடுதல் கூலியா, உலகத்தில் எங்காவது உண்டா என்று கேட்டார். பத்தாயிரத்தில் எதை விடச் சம்மதம் என்று நீங்களே தொட்டுக் காட்டுங்கள், இலவசமாக முடித்துத் தருகிறேன் என்றேன். கருவியைக் கையில் வாங்கி, முதல் பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கடைக்காரரைக் கூப்பிட்டு ரெண்டு பழம்பொரி சொன்னார். என் பக்கம் திரும்பி, "எதை வேணும்னாலும் எடுத்தோ, கான்ட்ராவில மட்டும் கை வைக்கண்டா" என்றார்.